டெல்ஃபின் கடையில் அன்னையர் தினம்

எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை யாருக்கு முதலில் சாப்பாடு என்று தீர்மானிக்கிறவர் கர்த்தர் இல்லை, பாஸ்டர். மெதடிஸ்ட் சபையில் பிரசங்கம் சுருக்கம். சீக்கிரமே ஆமென் சொல்லிவிட்டு, தொப்பியும் கையுறையுமாக டெல்ஃபின் கடை வாசலில் வந்து நின்றுவிடுவார்கள். பாப்டிஸ்ட் பாஸ்டர் கையில் மைக் கிடைத்தால் லேசில் விடமாட்டார். அவருடைய ஆடுகள் வந்து சேர்வதற்குள் சால்மன் கட்லெட் தீர்ந்திருக்கும். மிச்சமிருக்கிற பிஸ்கட்டை, அதாவது எங்கள் ஊர் மெத்து ரொட்டியை, கிரேவியில் முக்கித் தின்றுகொண்டே, மெதடிஸ்டுகளுக்குப் பரலோகத்தில் இடமில்லை என்று மனதைத் தேற்றிக்கொள்வார்கள்.

நான் வெர்னீஸ். அந்தக் கடையின் அடுப்புக்காரி. முட்டை, சோளரவையில் கிண்டுகிற கிரிட்ஸ், கோழி வறுவல் எல்லாம் என் கை. பிஸ்கட் மாவை மட்டும் டெல்ஃபின் யாரையும் தொடவிடமாட்டாள். மோர் விட்டு அவள்தான் பிசைய வேண்டும், அவள்தான் மடித்துத் தட்ட வேண்டும். கடை அவளுடையது. அட்லாண்டாவில் பெரிய பெரிய சமையலறைகளில் வேலை பார்த்துவிட்டு, அலபாமாவில் இருக்கிற இந்தச் சின்ன ஊருக்கே திரும்பி வந்து, பாழடைந்து கிடந்த விதைக்கடைக் கட்டடத்தை வாங்கித் திறந்தாள். நானும் அவளும் ஒரே தெருவில் மூக்கொழுக விளையாடினவர்கள். ஆனால் மார்பில் பெயர் தைத்த வெள்ளைக் கோட்டு மாட்டிய நாளிலிருந்து அவளை ‘செஃப்’ என்றுதான் கூப்பிட வேண்டும். கூப்பிட்டேன். எனக்கென்ன நாக்கா தேய்ந்துவிடும்?

பரிமாறுகிறவள் கார்லிஸ். ஐம்பதைத் தாண்டியவள். ஒரே கையில் நாலு தட்டு எடுப்பாள், முகம் சுளிக்கமாட்டாள். அவளுடைய ஒரே கவலை அவள் அம்மா. மிஸ் ஐடெல்லா ஒருநாள் அடுப்பை அணைக்காமல் தூங்கிப்போய், வீடு பற்றியெரியப் பார்த்தது. வேறு வழியில்லாமல் கார்லிஸ் அவளை ஊர் எல்லையில் இருக்கிற முதியோர் இல்லத்தில் சேர்த்தாள். கடையிலிருந்து காரில் பத்து நிமிஷம். அந்தக் கிழவி மன்னிக்கவே இல்லை. “என்னக் கொண்டுபோய்ப் போட்டுட்டா” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். மகள் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். போன ஞாயிறு டெல்ஃபின் வேலையை நீட்டித்துவிட்டதால் கார்லிஸ் போக முடியவில்லை. கோபம் இன்னும் ஏறியது.

“இந்த அன்னையர் தினத்துக்கு மத்தியானம் டாண்ணு போய் நின்னுடுவேன் வெர்னீஸ்” என்று அந்த வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். “சால்மன் கட்லெட்டும் ரெண்டு பிஸ்கட்டும் கொண்டுபோய் என் கையால ஊட்டி விடுவேன். மூஞ்சியத் திருப்பினா அந்தப் பக்கம் போய் உக்காந்து ஊட்டுவேன்.”

“ரெண்டு பக்கமும் திருப்பிக்கிட்டா?”

“மேல கூரையப் பாத்துக்கிட்டே தின்னட்டும். எனக்கென்ன? ஒரு வார்த்தை என்கிட்ட பேசினாப் போதும்.”

அவள் கேட்டது அவ்வளவுதான். ஒரு வார்த்தை.

அன்னையர் தினத்தன்று எங்கள் பக்கத்தில் நெஞ்சில் பூ இல்லாமல் யாரும் வெளியே தலைகாட்டமாட்டார்கள். அம்மா உயிரோடிருந்தால் சிவப்பு. போய்ச் சேர்ந்திருந்தால் வெள்ளை. பூவைப் பார்த்துத்தான் ஒருவருக்கொருவர் பேச்சையே ஆரம்பிப்பார்கள். சிவப்பென்றால் “அம்மா எப்படி இருக்காங்க?” வெள்ளையென்றால் தோளில் ஒரு தட்டு. டெல்ஃபினின் அம்மா மிஸ் ஒடெஸா அன்றைக்குக் கடைக்குள் வாசற்கதவோரம் ஒரு கூடையோடு உட்கார்ந்து, பூவில்லாமல் வருகிறவர்களுக்குக் குத்திவிடுவாள். காலையில் முதலில் எங்களுக்குத்தான் குத்தினாள். எனக்கு வெள்ளை. கார்லிஸுக்கும் டெல்ஃபினுக்கும் சிவப்பு.

வருஷத்திலேயே கூட்டம் அலைமோதுகிற நாள் அது. எல்லா மேஜைக்கும் முன்பே பெயர் கொடுத்திருந்தார்கள். இன்னொரு பரிமாறுகிறவள் அன்று காலையில் வரவில்லை. கார்லிஸும், வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரமே ஆன பெண்ணொருத்தியும்தான். ஞாயிறு என்றால் எங்கள் கைபேசிகளையெல்லாம் டெல்ஃபின் வாங்கி ஒரு காலி மாவு டப்பாவில் போட்டு மூடிவிடுவாள். அவசரமென்றால் சுவரில் மாட்டியிருக்கும் கடைப் போனுக்குத்தான் வர வேண்டும்.

கடை திறக்கும் முன்பே அந்தப் போன் அடித்தது. மாவுக் கையோடு டெல்ஃபின் எடுத்தாள். பக்கத்தில் மிஸ் ஒடெஸா பீச் ஜாமைச் சின்னக் கிண்ணங்களில் ஊற்றிக்கொண்டிருந்தாள். கார்லிஸ் முன்பக்கம் மேஜை துடைத்துக்கொண்டிருந்தாள்.

“ம்... சரி... ம்... சொல்லிடறேன்” என்றாள் டெல்ஃபின். வைத்துவிட்டு முன்பக்கம் ஓரடி எடுத்து வைத்தவளின் முழங்கையைப் பிடித்து மிஸ் ஒடெஸா காதில் ஏதோ சொன்னாள்.

“யாரு செஃப்?” என்றேன்.

“முட்டைக்காரன்.”

முட்டைக்காரன் இல்லை. அது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது, உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். பேசியது முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிற மார்வெல். மிஸ் ஐடெல்லாவுக்கு மூச்சு இழுக்கிறது, இன்றைக்குத் தாண்டாது, நினைவு தெளிவாக இருக்கிறது, மகளைக் கேட்கிறாள், உடனே அனுப்புங்கள் என்று சொன்னாள். கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி கூப்பிட்டு, “எங்க அவ?” என்று கேட்டாள். “சொல்லிட்டேன், வேலையை முடிச்சுட்டு வர்றேங்கறா” என்றாள் டெல்ஃபின். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது மார்வெல் சொன்னது ஒரே வார்த்தை. அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு டெல்ஃபின் கையைக் கழுவிக்கொண்டு அடுத்த ஈடு மாவைக் கொட்டினாள்.

எனக்கும் ஒன்றும் தெரியாது, கார்லிஸுக்கும் ஒன்றும் தெரியாது. சிவப்புப் பூவைக் குத்திக்கொண்டு அவள் பறந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு மேஜையிலும் ஒரு அம்மா. “மிஸ் லவீனியா, இந்தத் தொப்பியில ஒரு கோழிக் குடும்பமே குடியிருக்கலாம் போலிருக்கே!” என்று சொல்வாள், மேஜையே குலுங்கிச் சிரிக்கும். மத்தியானமானதும் ஒரு தட்டில் கட்லெட்டும் பிஸ்கட்டும் வைத்து மூடிவிட்டு டெல்ஃபின் முன்னால் போய் நின்றாள்.

“செஃப், நான் கெளம்பட்டுமா? போயிட்டு ஒரு மணி நேரத்துல வந்துடறேன்.”

டெல்ஃபின் தலையைத் தூக்கவில்லை. “வெளில எவ்வளவு பேர் நிக்கறாங்கன்னு பாத்தியா?”

“பாத்தேன். ஆனா அம்மாகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன். இன்னிக்கும் போகலைன்னா என்னத் தலைமுழுகிடுவாங்க.”

“ரெண்டு மணிக்குப் போ. நானே என் வண்டியில கொண்டுபோய் விடறேன். உங்கம்மா எங்க ஓடிடப் போறாங்க?”

அந்தக் கடைசிக் கேள்வியை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு எரிகிறது. அதைக் கேட்டபோது அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, பிஸ்கட்டின் மேல் வெண்ணெய் தடவிக்கொண்டே கேட்டாள்.

கார்லிஸ் பெருமூச்சு விட்டுவிட்டுக் காபிக் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு போனாள்.

கொஞ்ச நேரத்தில் மார்வெல் வந்தாள். இரவு முழுக்கப் பார்த்த வேலை முடிந்து, உடை மாற்றிக்கொண்டு, புருஷனும் மாமியாருமாக மூலை மேஜையில் உட்கார்ந்தாள். உள்ளே நுழைந்ததும் அவள் கண்ணில் பட்டது கார்லிஸ்தான். கையில் வாஃபிள் தட்டு, நெஞ்சில் சிவப்புப் பூ, வாய் நிறையச் சிரிப்பு. மார்வெலுக்கு எப்படி இருந்திருக்கும்? சொல்லியனுப்பியும் வராதவள், தாய் செத்த சேதி கேட்டும் சிவப்புப் பூவோடு சிரித்துக்கொண்டிருக்கிறாள். அவள் மாமியாரிடம் சொன்னாள். மாமியார் அடுத்த மேஜையில் சொன்னாள். அந்தக் கடையில் காபியை விட வேகமாகப் போனது அந்தச் சேதி.

தட்டுகளை நீட்டுகிற அடுப்பங்கரை ஜன்னல் வழியாக நான் பார்த்தேன். முகங்கள் ஒவ்வொன்றாக மாறின. கார்லிஸ் ஒரு மேஜைக்குப் போனால் பேச்சு நின்றது. சபையின் மூப்பர் டாலிவர் தன் கோப்பையின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார்.

“இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா மூப்பரே?”

“வேணாம்மா. உன் கையால வேணாம்.”

“ஏன், என் கைக்கு என்ன?”

அவர் மனைவி புன்னகைத்தாள். “கர்த்தர் உனக்கு இரங்கட்டும் கண்ணு” என்றாள். எங்கள் ஊரில் ஒரு பெண் அதை அந்தக் குரலில் சொன்னால், முகத்தில் காறித் துப்பியிருந்தால்கூடத் தேவலை என்றிருக்கும்.

சற்று முன்பு தொப்பிக்காகக் குலுங்கிச் சிரித்த மிஸ் லவீனியா, “சிரிச்சுக்கோ, சிரிச்சுக்கோ. கல்லுல செஞ்ச நெஞ்சு சில பேருக்கு” என்று தட்டைப் பார்த்துச் சொன்னாள். பக்கத்திலிருந்தவர்கள் தலையாட்டினார்கள். தலையாட்டிவிட்டு, கோழி வறுவல் ஏன் இன்னும் வரவில்லை என்று அதே கார்லிஸிடம் கேட்டார்கள். அவள் கையால் காபி ஆகாது, கோழி ஆகும்.

கார்லிஸ் ஜன்னலுக்கு வந்தாள். “வெர்னீஸ், என் மூஞ்சில ஏதாவது ஒட்டியிருக்கா? எல்லாரும் ஒரு மாதிரிப் பாக்கறாங்க.”

“கிரிட்ஸ் ஒட்டியிருக்கும். தொடைச்சுக்கிட்டுப் போ” என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அவள் நிஜமாகவே இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள்.

அப்போது மதர் கிரென்ஷா எழுந்தாள். பாப்டிஸ்ட் சபையில் ‘மதர்’ என்று மரியாதையாகக் கூப்பிடப்படுகிற கிழவிகளில் மூத்தவள், அதனால் அவளுக்கு முதலிலேயே மேஜை கிடைத்துவிடும். தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடை. பாஸ்டரையே உட்காரச் சொல்லக் கூடியவள். கைத்தடியைத் தட்டிக்கொண்டு மேஜைகளுக்கு நடுவே நடந்து வந்து கார்லிஸ் முன்னால் நின்றாள். கார்லிஸ் கையில் மூன்று தட்டு.

“உனக்கு வெக்கமா இல்ல?” என்றாள் மதர் கிரென்ஷா. கடை முழுக்கக் கேட்டது.

“என்ன மதர்? ஆர்டர் மாறிடுச்சா?”

கிழவி அவள் நெஞ்சிலிருந்த சிவப்புப் பூவைப் பிடித்து இழுத்தாள். ஊசியோடு வந்தது, சட்டையும் கொஞ்சம் கிழிந்தது. “பெத்தவ ஒடம்பு இன்னும் ஆறல. இதக் குத்திக்கிட்டு இளிச்சுக்கிட்டுத் திரியற. ஐடெல்லா உன்னப் பெத்ததுக்குப் பதிலா ஒரு நாயப் பெத்திருந்தா காலடியிலயாவது கெடந்திருக்கும்.”

கார்லிஸ் சிரித்தாள். கோபத்தில் இல்லை, புரியாமல். “என்ன சொல்றீங்க மதர்? நான் ரெண்டு மணிக்கு அம்மாவப் பாக்கப் போறேன். செஃப் கொண்டுபோய் விடறேன்னுருக்கா.”

மூலை மேஜையில் மார்வெல் கையிலிருந்த முள்கரண்டியைக் கீழே வைத்தாள். மற்றவர்களுக்கு முன்னால் அவளுக்குப் புரிந்துவிட்டது.

கார்லிஸ் கையிலிருந்த தட்டுகளை யாருடைய மேஜையிலோ வைத்தாள். கீழே போடவில்லை, உடைக்கவில்லை, ஒழுங்காக வைத்தாள். அத்தனை வருஷப் பழக்கம். மார்வெல் ஓடி வந்து அவள் கையைப் பிடித்து அடுப்பங்கரைக்கு இழுத்து வந்தாள்.

“உனக்குத் தெரியாதா? காலைலயே கூப்பிட்டேனே கார்லிஸ். டெல்ஃபின்தான் எடுத்தா. மறுபடியும் கூப்பிட்டேன். வேலைய முடிச்சுட்டு வர்றேன்னு நீ சொன்னதா சொன்னா.”

“நானா? நான் சொன்னேனா?”

“அப்படித்தான் சொன்னா.”

கார்லிஸ் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, “அம்மா என்ன சொன்னாங்க?” என்றாள்.

“ஒண்ணும் சொல்லல. அமைதியாப் போயிட்டாங்க.”

“எங்கம்மாவ எனக்குத் தெரியும். ஒண்ணும் சொல்லாமப் போற ஆள் இல்ல. சொல்லு மார்வெல்.”

“வேணாம் கார்லிஸ்.”

“சொல்லு.”

மார்வெல் அழுதுகொண்டே சொன்னாள். மகள் வருகிறாள் என்றதும் மிஸ் ஐடெல்லா தலைவாரிவிடச் சொன்னாளாம். தன் ஊதாக் கவுனைப் போட்டுவிடச் சொன்னாளாம். தலையணையில் நிமிர்த்தி உட்கார வைக்கச் சொல்லி, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். முகத்தைத் திருப்பிக்கொள்ளவே இல்லையாம்.

“அப்பறம் நான் மறுபடி போன் பண்ணிட்டு வந்து, வேலைய முடிச்சுட்டு வருவாளாம்னு சொன்னேன். நான் ஏன் அதப் போய்ச் சொன்னேன்? சொல்லியிருக்கக் கூடாது. கேட்டுட்டு, ‘சரி, இனிமே அவளக் கூப்பிடாத. அங்க இருக்கறவங்களுக்குக் காபி ஊத்தட்டும்’னாங்க. செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாங்க. அதுக்கப்பறம் திரும்பவே இல்ல.”

அடுப்பில் முட்டை கருகிக்கொண்டிருந்தது. நான் பார்க்கவில்லை.

கார்லிஸ் மாவு மேஜைக்குப் போனாள். டெல்ஃபின் மாவைத் தட்டிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“ரெண்டு மணிக்குச் சொல்லலாம்னு இருந்தேன்” என்றாள் அவளாகவே.

“ஏன் செஃப்?” அப்போதும் செஃப் என்றுதான் கேட்டாள்.

“சொல்லியிருந்தா நீ போயிருப்ப.”

“ஆமா. போயிருப்பேன்.”

“அதான்” என்றாள் டெல்ஃபின்.

“முட்டைக்காரன்னு சொன்னியேடி பாவி!” என்று நான் கத்தினேன். கையிலிருந்த முட்டை திருப்புகிற கரண்டியைச் சுவரில் எறிந்தேன். அவள் தலையில் எறிந்திருக்க வேண்டும். அவளைக் கொன்றுபோட்டால்கூட அன்றைக்கு என் ஆத்திரம் அடங்கியிருக்காது. டெல்ஃபின் என்னைப் பார்த்து, “ஏழாம் நம்பர் மேஜைக்கு இன்னும் முட்டை போகல வெர்னீஸ்” என்றாள். ஆனால் தட்டி முடித்த மாவையே மறுபடி உருட்டித் தட்டினாள், அதையும் பார்த்தேன். பார்த்தும் எனக்கு இரக்கம் வரவில்லை.

கார்லிஸ் அவளோடு சண்டைக்கு நிற்கவில்லை. நேராக முன்பக்கம் போய், கதவோரம் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த மிஸ் ஒடெஸா முன்னால் நின்றாள். மிஸ் ஒடெஸாவும் மிஸ் ஐடெல்லாவும் நாற்பது வருஷம் ஒரே பாடகர் குழுவில் பக்கத்தில் பக்கத்தில் நின்று பாடினவர்கள். ஒரு தாயிடம் போய்ச் சொன்னால் தாய்க்காவது புரியும் என்று நினைத்தாள் போலிருக்கிறது. நானும் பின்னாலேயே போனேன்.

“மிஸ் ஒடெஸா, உங்க பொண்ணு என்ன பண்ணான்னு தெரியுமா?”

“தெரியும் கண்ணு.” குரல் அவ்வளவு இதம். “போன் வந்தப்ப நான் பக்கத்துலதான இருந்தேன். அவ ஒடனே உன்னக் கூப்பிடத்தான் போனா. நான்தான் ரெண்டு மணி வரைக்கும் பொறுன்னேன்.”

கார்லிஸ் பூக்கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“இங்க பாரு, ஐடெல்லா எப்படியும் போறவ. நீ போய் உக்காந்தா நின்னுடவா போறா? என் பொண்ணு இந்தக் கடைக்காக எலும்பு தேய ஒழைக்கறா. வருஷத்துல அவளுக்கு இந்த ஒரு நாள். எல்லாம் ஒரு தாயோட மனசு. உனக்குப் புரியும்.”

“நான் வரமாட்டேன்னு சொல்லிட்டேன்னு நெனச்சுக்கிட்டே போயிட்டாங்க மிஸ் ஒடெஸா. செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டாங்களாம்.”

“கர்த்தர்கிட்டப் போனதும் எல்லாம் தெரிஞ்சிருக்கும். அழாத. ஏதாவது சாப்பிட்டியா? வெறும் வயித்தோட போகாத.”

சுற்றியிருந்த மேஜைகளில் ஒருவரும் தலையைத் தூக்கவில்லை. மூப்பர் டாலிவர் கிரேவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மதர் கிரென்ஷாவின் கையில் அந்தப் பிய்த்த பூ இன்னும் இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கைப்பைக்குள் திணித்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்கவில்லை. அவ்வளவு பெரிய மனுஷி எப்படிக் கேட்பாள்?

கார்லிஸ் குனிந்து, மிஸ் ஒடெஸாவின் முகத்துக்கு நேராகக் கேட்டாள். “இதே நீங்க அந்தக் கட்டில்ல கெடந்து, டெல்ஃபின்கிட்ட யாராவது இப்படி மறைச்சிருந்தா?”

மிஸ் ஒடெஸா யோசிக்கக்கூட இல்லை. ரொம்பப் பிரியமாக அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

“என் பொண்ணு வந்திருப்பா கண்ணு. யாரும் சொல்லாட்டியும் வந்திருப்பா. பெத்தவ சாகக் கெடக்கறது மகளுக்கு உள்ளுக்குள்ள தெரியாமப் போகுமா?”

கார்லிஸ் நிமிர்ந்தாள். அன்றைக்கு அவளிடம் கத்தியவர்கள், முறைத்தவர்கள் எல்லாருக்கும் பதில் இருந்தது, எனக்குத் தெரியாது என்று சொல்லிவிடலாம். இதற்கு அதைச் சொல்ல முடியாது. ஏப்ரனை அவிழ்க்காமலேயே கதவைத் திறந்துகொண்டு வெளியே நடந்தாள்.

வாசலில் இன்னும் மேஜை கிடைக்காத பாப்டிஸ்டுகள் பெயர் கூப்பிடுவதற்காக வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே நடந்தது எதுவும் அவர்களுக்குத் தெரியாது. ஏப்ரன் கட்டிய ஒருத்தி வெளியே வருவதைப் பார்த்ததும் முன்னால் நின்ற குடும்பம் பெஞ்சிலிருந்த தன் கிழவியைக் கைத்தாங்கலாக எழுப்பியது.

“மேஜை காலியாயிடுச்சாம்மா?” என்று அவளைக் கேட்டார்கள்.